இரண்டாம் மாடி வாசலில் நான் நின்ற காரணம்

"செவ்வாய். மழை இல்லை. கடல் சாம்பல் நிறம். மாலை 5.28, இரண்டாம் மாடி. 91. நின்றது நாலு நிமிடம். யோகேஸ் வீட்டில் பிளேன்டீ."

இது என் டயறிக் குறிப்பு. திகதியை இங்கே தரவில்லை. அந்த வருடம் ஊரடங்கினால், மருந்துக் கடைக்காரர் வழக்கமாகத் தரும் டயறி வரவில்லை. முந்திய வருடத்து டயறியில் மிஞ்சிய பக்கங்களில் எழுதினேன். ஆகவே கிழமை சரி, திகதி பிழை. பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள் நான். பிழையான திகதியை அச்சில் ஏற்றுவதைவிடத் திகதி இல்லாமல் எழுதுவது மேல்.

91 என்பது என் இரத்தத்தில் இருந்த ஒக்சிசன் அளவு. விரலில் கவ்வும் அந்தச் சின்னக் கருவியைக் கைப்பையில் வைத்திருந்தேன். நாங்கள் குடியிருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியின் நாலாம் மாடியில். லிஃப்ற் பழுது. திருத்த வருகிறவரிடம் எப்போது கேட்டாலும் "ஹெட்ட" என்பார். ஹெட்ட என்றால் நாளை. அந்த நாளை மட்டும் எந்த டயறியிலும் வரவில்லை.

அன்று இரண்டாம் மாடி ஏறியதும் மூச்சு முடிந்துவிட்டது. கைபிடிச் சுவரில் சாய்ந்து, கருவியை விரலில் மாட்டி, அந்த டயறிக் கொப்பியை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கதவு திறந்தது. யோகேஸ் நின்றாள். என்னைவிட ஆறு வயது இளையவள், நல்ல சமையற்காரி.

"என்ன அக்கா, வாசல்லையே நிக்கிறியள். உள்ளுக்கு வாங்கோவன்."

பதில் சொல்ல மூச்சு இல்லை. சிரித்தேன். கையை நீட்டி, வாசலில் இருந்த பூச்சட்டியைக் காட்டினேன்.

"ஓம், மணிபிளான்ற். போன கிழமைதான் சட்டி மாத்தினது. வடிவா இருக்கோ?"

தலையாட்டினேன். தேத்தண்ணி வந்தது. அந்தத் தேத்தண்ணி எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று எனக்குத் தெரியாது.

வந்ததும் போனதும்

கொரோனா எங்கள் வீட்டுக்கு ஒரு வியாழக்கிழமை வந்தது. இவருக்கும் எனக்கும் ஒன்றாக. இவர் என்றால் என் கணவர், சிவபாலன். இவருக்கு மணம் மட்டும் போனது. கருவாடு பொரித்தால் மணக்கவில்லை என்று மூன்று கிழமை துக்கம் காத்தார். மெல்பேர்னில் இருக்கும் எங்கள் மகன் கோபி போன் எடுக்கும்போதெல்லாம் அப்பாவின் மூக்குத்தான் முதற் செய்தி.

நான் பதினேழு நாள் ஒக்சிசனோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் இவர் கேட்ட முதற் கேள்வி: "உமக்கு மணக்குதோ?"

மணந்தது. மூச்சுத்தான் முழுதாக வரவில்லை. களைப்பு என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழிந்தும் களைப்பு போகாததால் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். நோயாளிக்கு மட்டும் அனுமதி. இவர் வெளிக் கேற்றடியில் நின்றார்.

டொக்டர் இளம் முஸ்லிம் பொடியன். மாஸ்க், அதன்மேல் கண்ணாடிக் கேடயம். என் ஸ்கான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் பஞ்சு மாதிரித் தெரியிறதெல்லாம் தழும்பு, அம்மா. வைரஸ் போயிட்டு. அது இருந்த இடம் இறுகிப் போய் ஈக்குது."

"எப்ப மாறும்?"

"கொஞ்சம் மாறும். கொஞ்சம் அப்பிடியே ஈக்கும்."

"எந்த மாசமளவிலை எண்டு எழுதலாம்?"

"எங்க எழுத?"

"டயறியிலை."

அவர் படத்தை இறக்கி வைத்தார். "பென்சிலால எழுதுங்க," என்றார்.

பிறகு ஆறு நிமிட நடை. நீளமான விறாந்தையில் இரண்டு முனையிலும் அடையாளம் வைத்து, விரலில் கருவியை மாட்டி, நேரம் பார்த்து நடக்கவிடுவார்கள். எனக்கு முன்னால் ஒரு சிற்றூழியர் துணி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவரை முந்தாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அம்மே, மேக்க ரேஸ் எக்கக் நெமெய்," என்றாள் தாதி. இது ரேஸ் இல்லை, அம்மா என்று சிங்களத்தில் சொல்கிறாள். ஆனால் தள்ளுவண்டி பின்னால் போய்விட்டது. தொண்ணூற்றேழில் தொடங்கிய எண் எண்பத்தெட்டில் நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்லை," என்றார் டொக்டர், "ஆனா மாடி ஏறுறதில கவனம். இந்தத் தழும்போடதான் இனி வாழப் பழகணும்."

கேற்றடியில் இவர் கேட்டார்: "என்னவாம்?"

"பரவாயில்லையாம்," என்றேன்.

பொய் இல்லை. டொக்டர் சொன்ன முதற் சொல் அதுதான். மிச்சத்தை நான் கேற்றுக்கு வெளியே கொண்டுவரவில்லை.

ஹெந்தளையில் ஒரு நிலத்தோடு வீடு

ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

இவருடைய தமக்கை, எனக்கு மச்சாள், நகருக்கு வெளியே ஹெந்தளையில் இருக்கிறா. நிலத்தோடு வீடு, படி ஒன்றுகூட இல்லை. "வயசு போற காலத்திலை அந்தரத்திலை என்னத்துக்குத் தொங்கிறியள்? இஞ்சை வந்து இருங்கோ," என்பது மச்சாளின் பல வருடப் பேச்சு. கோபியும் அதே பக்கம். பிளாற்றை விற்றுவிட்டு மாமி வீட்டுக்குப் போங்கள் என்று மெல்பேர்னிலிருந்து சொல்வது சுலபம்.

மச்சாள் நல்லவ. இந்த வசனத்தை எழுதி, வெட்டி, மறுபடி எழுதியிருக்கிறேன். நல்லவதான். விடிய நாலரைக்குப் பக்திப் பாட்டுப் போடுவா. நாம் அரிசி கழுவினால் பின்னால் வந்து ஒருதரம் கழுவுவா. எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் பிரித்தே பாராத கோப்பைச் செட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில்.

என் நாலாம் மாடி ஜன்னலைத் திறந்தால் கடல். கீழே தண்டவாளம், ரயில் போகையில் கண்ணாடி மெல்ல அதிரும். இருபத்தொரு வருடமாக அந்த ஜன்னலில் இருந்து எழுதுகிறேன். எந்தக் கிழமை காற்று திரும்பியது, எந்த நாள் அலை தண்டவாளத்தைத் தொட்டது, எந்தப் பின்னேரம் ரயில் வரவேயில்லை என்று. இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும், மதிலைப் பார்த்து என்ன எழுதுவது?

மூச்சு விசயம் தெரிந்தால் ஹெந்தளை. ஆகவே தெரியக்கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

எழுபத்தாறு படி

எங்கள் கட்டடத்தில் நிலத்திலிருந்து முதலாம் மாடிக்கு இருபத்திரண்டு படி. கீழே கார் நிறுத்துவதால் உயரம் கூட. பிறகு மாடிக்குப் பதினெட்டு. மொத்தம் எழுபத்தாறு. நாற்பதாவது படி இரண்டாம் மாடி. அங்கேதான் ஒவ்வொரு நாளும் என் மூச்சு முடியும்.

பின்னேரம் வெளியே போகாமல் இருந்திருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். தினமும் நாலு மணிக்கு நூலகத்துக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்புகிறவள் வீட்டில் இருந்தால், இவருக்குச் சந்தேகம் வரும். ரகசியத்தைக் காக்க நான் நாளொன்றுக்கு எழுபத்தாறு படி ஏறவேண்டியிருந்தது.

முதலாம் மாடியில் அறிவித்தற் பலகையை மூன்று மொழியிலும் வாசிப்பேன். மூன்றாம் மாடியில் செருப்பு வாரைச் சரிசெய்வேன். இரண்டாம் மாடியில் ஒரு சாட்டும் இல்லை. யோகேஸ் வீட்டுக் கதவு மட்டும்தான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கதவைப் பார்த்தபடி, எண்ணைக் குறித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த இடத்தில் கந்தோர் நினைவு ஒன்று. பழைய இறப்புப் பதிவேடுகளைப் பிரதி எடுக்கும் வேலை ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. இறப்புக்குக் காரணம் என்ற நிரலில் காய்ச்சல், காய்ச்சல், மேற்படி, மேற்படி என்று பக்கம் பக்கமாகப் போகும். அந்த எழுதுவினைஞர்களுக்குக் கை வலித்திருக்கும். ஆனால் காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. பிறந்தவருக்கு ஓர் ஏடு, கட்டினவருக்கு ஓர் ஏடு, செத்தவருக்கு ஓர் ஏடு. முக்கால்வாசி சுகமாகி வீட்டுக்கு வந்தவருக்கு ஏடு இல்லை. அதனால்தான் எனக்கு நானே ஒன்று திறந்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

தேத்தண்ணியின் வளர்ச்சி

அந்தக் கொப்பியை இப்போது புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. எல்லாம் எழுதியிருக்கிறேன், ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை.

முதற் கிழமை பால் இல்லாத பிளேன்டீ. இரண்டாம் கிழமை பால் தேத்தண்ணி. மூன்றாம் கிழமை அதில் ஏலக்காய். பிறகு பிஸ்கற். பிறகு ரோல்ஸ். ஒரு புதன்கிழமை சூட்டோடு சுசியம். இரண்டாம் மாதத்தில் வாசற்கதவுக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்கள். அதையும் எழுதியிருக்கிறேன், "பச்சை, நல்ல தெரிவு" என்று.

யோகேசுக்கு ஒரே மகள், தர்ஷினி. கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை. இருபத்தொன்பது வயது. முன்பெல்லாம் ஏழு மணிக்கு வருகிறவள், திடீரென்று சரியாக ஐந்தரைக்குப் படியேறத் தொடங்கினாள். முன்பு காற்சட்டை போட்டவள் இப்போது சேலை. நான் கண்ணால் கண்டதை எழுதும் பழக்கம் உடையவள். "புதன். 5.40. 89. தர்ஷினி நீலச் சேலை."

எனக்குக் கல்யாணமாகாத ஒரு மகன், முப்பத்திரண்டு வயது, மெல்பேர்னில். அந்த வீட்டில் கல்யாணமாகாத ஒரு மகள். நான் தினமும் ஐந்தரைக்கு அந்த வாசலில் நிற்கிறேன். பேசுவதில்லை. கொப்பியில் ஏதோ எழுதுகிறேன். பெருமூச்சு விடுகிறேன்.

இதற்கு யாழ்ப்பாணத்து ஆட்களின் அகராதியில் ஒரே ஒரு கருத்துத்தான். அது எனக்கு மட்டும் தோன்றவில்லை.

தட்டோடு வந்தவர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, கதவு தட்டப்பட்டது. யோகேஸ் பட்டுச் சேலையில். அவளுடைய கணவர் மகாலிங்கம் மாஸ்ரர், இளைப்பாறிய கணித ஆசிரியர், வேட்டி சால்வையோடு. கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், கற்கண்டு, நாலு மூலையும் மஞ்சள் பூசிய கடித உறை. பின்னால் தர்ஷினி, பல்லுக் கழற்றப் போகிறவள் போன்ற முகத்தோடு.

இவர் சாரமும் பெனியனுமாக கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவபாலன்," என்று மாஸ்ரர் தொடங்கினார், "மாப்பிளைப் பகுதி இவ்வளவு இறங்கி வந்த பிறகு நாங்கள் ஏறி வராட்டில் மரியாதை இல்லை. அதுதான் பிள்ளையின்ரை சாதகக் குறிப்போடை வந்தனாங்கள்."

"ஆர் இறங்கி வந்தது?" என்றார் இவர்.

"அக்காதான்," என்றாள் யோகேஸ். "மூண்டு மாசமா வந்து பாக்கிறா. நாள் தவறாமல் அஞ்சரைக்குச் சரியா வருவா. கொப்பியிலையும் எழுதிக்கொண்டு போறவ."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும், என்ன எழுதினனீர்?"

இரண்டு வழி இருந்தது. ஓம், பெண் பார்த்தேன் என்று சொல்லலாம். மூச்சும் ஜன்னலும் தப்பும். ஆனால் கோபி ஏற்கெனவே, இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு, சுசியமும் சாப்பிட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்றால், அந்தப் பிள்ளை இந்த ஒழுங்கை முழுவதும் "பார்த்துவிட்டு விட்ட பெட்டை" ஆகிவிடும். ஏன் விட்டார்கள், என்ன குறை என்று கேட்க ஆயிரம் வாய் உண்டு.

விவாகப் பதிவில் இருந்தவள் நான். பாதிப் பதிவு செய்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். பொய்ப் பதிவு செய்ததில்லை.

உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தேன். இவர் கண்ணாடியைப் போட்டு, அங்கங்கே புரட்டி உரத்து வாசித்தார்.

"திங்கள், அஞ்சு முப்பத்தொண்டு, தொண்ணூறு. செவ்வாய், அஞ்சு இருபத்தெட்டு, தொண்ணூற்றொண்டு. புதன், அஞ்சு நாப்பது, எண்பத்தொன்பது, தர்ஷினி நீலச் சேலை."

"பாத்தியளே," என்றார் மாஸ்ரர் திருப்தியோடு. "நீலச் சேலை."

யோகேசின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் அக்கா, நீலச் சேலைக்குப் புள்ளியைக் குறைச்சுப் போட்டனீங்கள்?"

"அது பிள்ளைக்குப் போட்ட புள்ளி இல்லை, யோகேஸ். என்ரை ஒக்சிசன். கொரோனாவிலை நுரையீரல்லை தழும்பு விழுந்திட்டுது. உங்கடை வாசலுக்கு வரேக்கை மூச்சு முட்டிப்போகும். அதுதான் நிண்டனான். பிள்ளையைப் பாக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இவர் கொப்பியைத் தொடர்ந்து புரட்டினார். பக்கம் முடியவில்லை. பிறகு எழுந்து போய் ரீவியை நிறுத்தினார். கடைசி ஓவர் நடந்துகொண்டிருந்தது என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

யோகேஸ் மெல்லக் கேட்டாள்: "அது... பரம்பரையோ அக்கா?"

"சும்மா இரும் பாப்பம்," என்றார் மாஸ்ரர். "கொரோனா எப்பிடிப் பரம்பரையிலை வாறது?"

"கேட்டு வைக்கிறதிலை என்ன? நாளைக்கு ஒரு பேச்செண்டு வந்தால்."

தர்ஷினிதான் முதலில் சிரித்தாள். "அன்ரி, உங்களாலை நான் மூண்டு மாசமா மனேச்சருக்குப் பல்லு வலி எண்டு சொல்லி நேரத்தோடை வெளிக்கிடுறன். அவர் தன்ரை பல்லு டொக்டரின்ரை நம்பரும் தந்திட்டார். எனக்கு மெல்பேர்னும் வேண்டாம், குளிர். நாளையிலையிருந்து ஏழு மணிக்கே வரலாம்."

வாழைப்பழத்தை வைத்துவிட்டு, மஞ்சள் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

விசாரணை

"பரவாயில்லை எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார் இவர்.

"அவர் அப்பிடித்தான் தொடங்கினவர்."

"முடிவு?"

சொன்னேன். இவர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு, "நான் மூக்கைப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருந்திட்டன்," என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் இவர் வாயிலிருந்து வந்தவற்றுள் மன்னிப்புக்கு மிகக் கிட்டிய வசனம் இதுதான். அன்றைய குறிப்பில் இருக்கிறது.

அன்று மத்தியானமே கோபிக்குச் செய்தி போனது. கோபியிடமிருந்து மச்சாளுக்கு. கால் மணித்தியாலத்தில் மச்சாள் போன் எடுத்தா. கோப்பைச் செட்டுகளை ஒதுக்கத் தொடங்கிவிட்டாவாம். போனுக்குள் பீங்கான் சத்தம் கேட்டது.

கோபி பொறியியலாளன். அழுகை, சண்டை எல்லாம் கேட்டுவிட்டு ஓர் எண்ணில் வந்து நிற்பான். "அடுத்த மாசம் அந்த நடை ரெஸ்ற் இருக்குத்தானே, அம்மா? எண்பத்தெட்டோ அதுக்குக் கீழையோ எண்டால் ஹெந்தளை. ஒண்டெண்டாலும் கூடினால் இருங்கோ. அதுக்கு மேலை நான் கதைக்கேல்லை."

அடுத்த நாள் பின்னேரம் இரண்டாம் மாடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. மாஸ்ரர் வைத்தது. அந்தக் கிழமைக்குள் மற்ற மாடிகளிலும் ஒவ்வொன்று முளைத்தன. எல்லோருக்கும் விசயம் தெரிந்துவிட்டதல்லவா? ஆனால் கதிரை என்று ஒன்று இருந்தால் ஆள் வராமல் இருக்குமா? நான் ஏறிவரும்போது பெரும்பாலும் யாராவது இருந்து லிஃப்ற்றைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நின்றபடி நானும் கேட்பேன். என் கதிரையில் எனக்கு இடம் கிடைத்த நாட்களைத் தனியாகக் குறித்திருக்கிறேன், பதினொன்று.

யோகேஸ் இப்போதும் தேத்தண்ணி தருகிறாள். பிளேன்டீ.

எண்பத்தொன்பது

சோதனை நாளில் இவரையும் உள்ளே விட்டார்கள். காலம் மாறியிருந்தது. அதே விறாந்தை, அதே தாதி. தள்ளுவண்டி இல்லை, பார்த்துக்கொண்டேன்.

கருவி எண்ணைக் காட்ட மறுத்தது. தாதி என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை குளிர்ந்துபோயிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள். ஏசிக் குளிரா, பயமா, தெரியாது.

இவர் தான் இருந்த வாங்கிலிருந்து எழுந்து வந்தார். என் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, பலகையில் நெருப்பு எடுக்கிறவர் போல் தேய்த்தார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க. இதற்குமுன் இவர் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்தது மணவறையில், ஐயர் இரண்டு தரம் சொன்ன பிறகு.

"விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்."

"பேசாமல் இரும். ஹெந்தளைக்கு நானோ போகப்போறன்? அவ என்ரை அக்கா, எனக்குத் தெரியும்."

நடந்தேன். யாரையும் முந்தவில்லை. ஆறு நிமிடம் முடிந்தபோது எண் எண்பத்தொன்பது.

டொக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்டு கூடியிருக்கு. கூடின மாதிரித்தான் தெரியிது. ஒண்டு ரெண்டு மெஷினாலயும் வரும், அம்மா, அதனால..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. இவர் ஏற்கெனவே மெல்பேர்னுக்குப் போன் எடுத்துவிட்டார்.

நாங்கள் இன்னும் நாலாம் மாடியில்தான் இருக்கிறோம். மச்சாள் கோப்பைச் செட்டுகளைத் திரும்ப அடுக்கிவிட்டாவாம். லிஃப்ற் நடுவில் ஒன்பது நாள் ஓடியது.

அந்த ஒரு புள்ளி என் நுரையீரலால் வந்ததா, இயந்திரத்தால் வந்ததா, இல்லை இவர் தேய்த்த சூட்டால் வந்ததா என்று டொக்டருக்கு எழுத்தில் கேட்டு அனுப்பினேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. ஆகவே, என் உடம்பு தேறியிருக்கிறது என்பதை வாசகர்கள் உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.